எதிர் அறைக்குப் போக வேண்டியவள்

விபத்து இழப்பீட்டு வழக்கில் எந்தப் பிரிவில் மனுப் போடுவது, டாக்டரை எப்போது சாட்சியாகக் கூப்பிடுவது என்று கேட்டு ஜூனியர் வக்கீல்கள் என்னிடம் வருகிறீர்கள். அதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது. உங்கள் கையில் செல்போன் வேறு இருக்கிறது. நான் கோயமுத்தூர் கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வழக்குகளை நடத்திவிட்டு, கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி வைத்திருப்பவன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அது பொறாமை. அடிபட்டு வருகிறவனுக்கு எதிராக இன்சூரன்ஸ் வக்கீல் மட்டும்தான் நிற்கிறார் என்று நினைக்கிறீர்கள். சில நாள் அவனுடைய சொந்த வக்கீலும் எதிராக நிற்பார். நான் நின்றிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோபாலபுரத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் எனக்கு ஆபீஸ். நடுவில் ஒரு நடை, அதற்கு அந்தப்புறம் இன்னொரு வக்கீலின் ஆபீஸ். டவுன்ஹால் பக்கத்தில் தலைமுறையாக நூல் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. எல்லோரும் அவரைப் 'பாய் வக்கீல்' என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். என்னைவிட நான்கு வருஷம் ஜூனியர். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று 'வாங்கண்ணா' என்பார். அந்த மரியாதைதான் எனக்கு முதலில் எரிச்சலைக் கொடுத்தது. எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் திட்டுவதற்காவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். தீர்ப்புகளைத் தேதியோடு ஒப்பிப்பேன். அவர் குறுக்கு விசாரணையில் நாலு கேள்விக்கு மேல் கேட்கமாட்டார், குரலே வெளியே வராது. ஆனால் கூட்டம் அவருக்குத்தான். என் குமாஸ்தா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, எதிர் அறைக்குள் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுவார். நான்தான் எண்ணச் சொன்னேன். சாயங்காலம் கட்சிக்காரர்கள் போன பிறகு, "இன்னைக்குப் பதினேழுங்க சார்" என்பார். எனக்கு அன்று மூன்று பேர் வந்திருப்பார்கள், அதில் ஒருவர் வாடகை வாங்க வந்த கட்டடக்காரர். தீர்ப்புத் தொகையிலும் அதே கதைதான். ஒரே மாதிரி எலும்பு முறிவு, ஒரே ஜட்ஜ், அவருடைய கட்சிக்காரருக்கு என்னுடையவரைவிடக் கூடக் கிடைக்கும். "ஜட்ஜைக் கவனிக்கிறாரோ என்னவோ" என்று பார் ரூமில் ஜாடையாகச் சொன்னதும் நான்தான். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சோமனூரிலிருந்து ஒரு அம்மா வந்தாள். மரகதம் என்று பெயர். முப்பது வயதுக்குள் இருக்கும். வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள். கூட அவள் புருஷன்.

"ஏனுங்க, பாய் வக்கீல் ஆபீசு இதுங்களா?"

எதிர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். என் குமாஸ்தா கையை நீட்டிக் காட்டப் போனார். நான் உள்ளிருந்து, "உள்ளே வாங்கம்மா, உக்காருங்க" என்றேன். அவ்வளவுதான் செய்தேன். அந்த வக்கீல் நான்தான் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர்கள் நம்பி உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து விஷயம் புரிந்தபோது, வழக்கை என்னிடம் ஒப்படைக்கும் வக்காலத்தில் கைரேகை வைத்தாகிவிட்டது. எழுந்து போனால் எனக்கு மரியாதைக் குறைவு என்று அவர்களே போகாமல் இருந்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான்.

வக்காலத்தை நீட்டியபோது, "கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டேன். "போடுவனுங்க... இப்பத்தான்..." என்று இழுத்துச் சிரித்தாள். எனக்கு அவசரம், எதிர் அறையிலிருந்து அவர் வெளியே வந்துவிடக் கூடாது. மைப்பெட்டியைத் தள்ளி, இடது கைப் பெருவிரலைப் பிடித்து அழுத்தினேன்.

விஷயம் இதுதான். அவளும் புருஷனும் ஒரே ஷெட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். அவளுக்குப் பகல், அவனுக்கு ராத்திரி. தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு மொபெட்டில் திரும்பும்போது ஒரு லாரி உரசித் தள்ளிவிட்டது. அவனுக்குச் சிராய்ப்பு. அவளுடைய வலது கை சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாது. தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கும், அறுந்த இழையை அந்த இரண்டு விரலால்தான் முடிய வேண்டும். தறி முதலாளி கொடுத்திருந்த லைன் வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். புருஷன் பெண்சாதி ஜோடியாக ஓட்டினால்தான் அந்த வீடு. அடுத்த தை வரைக்கும் பொறுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்குள் இழப்பீடு வந்தால் போக்கியத்துக்கு ஒரு வீடு பிடித்துக்கொள்ளலாம். வராவிட்டால் சாமானோடு தெருவில் நிற்க வேண்டும். இவ்வளவையும் புருஷன்தான் சொன்னான். அவள் வாயைத் திறக்கவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தது. முதல் விசாரணையை நான் பிரமாதமாகச் செய்தேன் என்று எனக்கு நினைப்பு. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் ஒரு பெரியவர். பழம் மாதிரிப் பேசுவார், யாரையும் அதட்டியதே கிடையாது. அவர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏனுங்கம்மணி, சோமனூர்ல இருந்து பஸ்ல வந்தீங்களா? கூட்டம் ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க, உக்காந்துதானுங்க வந்தோம்."

"கை இப்ப எப்படிங்க இருக்குது?"

"இப்பப் பரவால்லீங்க. நல்லா இருக்கறனுங்க."

"ஊட்டு வேலையெல்லாம்?"

"பாத்துக்கறனுங்க."

"சமையலு?"

"அது பாட்டுக்கு ஆகுதுங்க. ஒண்ணும் சிரமம் இல்லீங்க."

"ரொம்பச் சந்தோசம்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

ஜட்ஜ் தெற்கே இருந்து மாறுதலில் வந்தவர், எங்கள் பக்கத்துப் பேச்சுப் பழகாதவர். அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொல்ல, டைப்பிஸ்ட் தட்டினார். காயம் குணமாகிவிட்டது, வீட்டு வேலைகள் அனைத்தையும் சிரமமின்றிச் செய்கிறார் என்று. என் வழக்கு என் கண் முன்னால் காகிதத்தில் செத்தது.

எனக்கு இது தெரியாத பழக்கமா? உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரக் குடும்பம் என்னுடையது. என் பெரியப்பா ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது, பார்க்க வந்தவர்களிடம் "சும்மாதானுங்க, நல்லா இருக்கறேன், காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றார். அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தார். தன்மையாக விசாரிக்கிறவரிடம் தான் படும் பாட்டைச் சொல்லி அவர் மனதைச் சங்கடப்படுத்துவது எங்கள் பக்கத்தில் அநாகரிகம். ஊரெல்லாம் தெரிந்த விஷயம். சாட்சிக் கூண்டில் அது என்ன செய்யும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல். பாய் வக்கீல் தன் வழக்குக்காகக் காத்திருந்தார். முன்னால் சாய்ந்து என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "அண்ணா, மறு விசாரணை கேளுங்க. கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார்.

தம்பிகளே, அது சரியான யோசனை; எதிர்த்தரப்புக் கேட்டுக் கெடுத்ததை நம் சாட்சியிடம் நாமே திரும்பக் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம். கேட்ட அந்த நொடியிலேயே சரி என்று தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போடுவேன் என்றவளிடம் நானே அழுத்தி வாங்கிய கைரேகை என் கேஸ் கட்டுக்குள்ளேதான் இருந்தது. ஆனால் நான்கு வருஷம் ஜூனியர், என் பின்னால் உட்கார்ந்து, என் வழக்கில், எனக்கு எடுத்துக் கொடுக்கிறான். பக்கத்தில் இரண்டு வக்கீல்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஜட்ஜ் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்து, "மறு விசாரணை இல்லை, யுவர் ஆனர்" என்றேன்.

இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பதற்றம் என்று சொல்லலாம், அனுபவக் குறைவு என்று சொல்லலாம். அதெல்லாம் இல்லை. வயிற்றெரிச்சல்.

மத்தியானம் கோர்ட் வளாகத்தில் மரகதத்தைப் பார்த்தேன். புருஷன் ராத்திரி முழுக்கத் தறி ஓட்டிவிட்டு வந்தவன், மரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால். யாரோ வரும் சத்தம் கேட்டதும் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் தலைப்பால் மூடிவிட்டாள்.

"ஏம்மா இப்படி?"

"சோத்துக்கை முடியறதில்லீங்க. பீச்சாங்கையில உங்கறதைப் பாத்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"இதை உள்ளே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவளுக்கு நான் கேட்டது நிஜமாகவே புரியவில்லை. "அந்தப் பெரியவரு அத்தனை தன்மையா விசாரிச்சாருங்க. அவருகிட்டப் போயி என்ற பாட்டை அழுவறதுங்களா?" என்றாள். பிறகு, "கேசு நல்லாப் போச்சுங்களா?" என்று கேட்டாள்.

"போச்சும்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் அந்த நடையைக் கடக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நாலு எட்டு வைத்தால் போதும். என் குமாஸ்தா, "எங்கீங்க சார் போறீங்க?" என்று கேட்டார். பாத்ரூமுக்கு என்றேன்.

பாய் வக்கீல் எழுந்து நின்றார். நான் உட்காராமலேயே கடகடவென்று சொன்னேன். இந்த அம்மா உங்களைத் தேடித்தான் வந்தாள், நான் என் அறைக்குள் இழுத்துக்கொண்டேன், இப்போது வழக்கைக் கெடுத்துவிட்டேன், வக்காலத்தை மாற்றித் தருகிறேன், நீங்களே நடத்துங்கள் என்று.

"தெரியுமுங்கண்ணா" என்றார். "அவங்களை அனுப்பிச்சதே எங்க நூல் கடையில சரக்கெடுக்கறவருதான். அன்னைக்குச் சாயங்காலமே வந்து கேட்டாரு."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீங்களும் நல்லாத்தானுங்களே பாப்பீங்கன்னு உட்டுட்டேன்."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்பதிலும் இவன் என்னை முந்திவிட்டானே என்று எரிந்தது. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் எழுதுகிறேன்.

வழக்கை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வக்கீல் மாறினால் ஜட்ஜுக்குச் சந்தேகம் வரும், நீங்களே சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போடுங்கள், அதற்கு முன்னால் அந்த அம்மாவை மூன்று நாள் சாயங்காலம் இங்கே வரச் சொல்லுங்கள் என்றார்.

முதல் நாள் அவளும் புருஷனும் வந்தார்கள். நான் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாய் வக்கீல் டீ சொன்னார். நூல் விலை பேசினார், சோமனூரில் மழை பெய்ததா என்று கேட்டார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அப்புறம் சாதாரணமாக, "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கறனுங்க."

"வெளியே போயிட்டுத் திரும்ப வாங்க."

அவள் திகைத்துப் புருஷனைப் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே போய் உள்ளே வந்தாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"பரவால்லீங்க."

"வெளியே போயிட்டு வாங்க."

அன்று அவள் ஆறு தடவை வெளியே போய் உள்ளே வந்தாள். கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. என் குமாஸ்தா வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணிய பதினேழு பேர் யார் என்று அப்போதுதான் விளங்கியது. மூன்று பேரோ நாலு பேரோதான். போய்ப் போய் வந்திருக்கிறார்கள், குமாஸ்தா முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் எண்ணியிருக்கிறார். அத்தனை வருஷமாக நான் வயிறெரிந்தது அந்தக் கணக்குக்கு.

"சாட்சிக்குப் பாடம் நடத்தறது தப்பில்லையா?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"என்ன சொல்லோணும்னு நான் சொல்லிக் குடுக்கறதே இல்லீங்கண்ணா. கூட்டிச் சொன்னாலும் வெளியதான் அனுப்புவேன். போன வாரம் ஒருத்தரு இடுப்பே நகராதுன்னாரு. நாலு தடவை போயிட்டு வாங்கன்னதும், 'இப்படி நடக்க உட்டா முடியுதுன்னு தெரிஞ்சுபோயிருமுங்களே'ன்னு அவரே ஒத்துக்கிட்டாரு."

இரண்டாம் நாள், பள்ளிக்கூடம் போகும் அவளுடைய மகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன படிக்கிறாள், கணக்கு வருமா, மார்க் கார்டில் யார் கையெழுத்துப் போடுவது என்று. "நாந்தானுங்க போடுவேன். இவருக்குப் படிப்பு இல்லீங்க" என்று புருஷனைக் காட்டினாள். சொன்னவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அடுத்த நாள் அந்த மார்க் கார்டைக் கொண்டு வரச் சொன்னார். காலாண்டுப் பரீட்சைக்கு நேராக 'மரகதம்' என்று உருண்டையான எழுத்தில் கையெழுத்து. அரையாண்டுக்கு நேராக ஒரு கைரேகை. நடுவில் தீபாவளி. அட்டையை வாங்கிப் பார்த்தேன். இதைக் கண்டுபிடிக்க எந்தச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சாட்சியைத் திரும்ப அழைக்கும் மனுவோடு பிரமாணப் பத்திரம் வேண்டும். ஏன் முன்பே கேட்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். சாட்சிக்கு உடல்நிலை சரியில்லை என்று எழுதுவது வழக்கம், ஜட்ஜும் கண்டுகொள்ளமாட்டார். அப்படித்தான் முதலில் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். என் தவறுக்கு அவள் தலையில் ஒரு பொய்யைக் கட்டியிருந்தேன். கிழித்துவிட்டு, மறு விசாரணை செய்யாதது முழுக்க என் தவறு, கட்சிக்காரரின் தவறு அல்ல என்று என் பெயரிலேயே பிரமாணப் பத்திரம் எழுதினேன். குமாஸ்தா டைப் அடித்துவிட்டு, "சார், இதை அடிக்கறதுக்கே கை வரலீங்க" என்றார்.

திறந்த கோர்ட்டில் இன்சூரன்ஸ் பெரியவர் அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஓட்டையை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று ஆட்சேபித்தார். பின் வரிசைகளில் சிரிப்புக் கேட்டது. ஜட்ஜ் பத்திரத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அனுமதிக்கிறேன்" என்றார்.

மரகதம் மறுபடி கூண்டில் ஏறினாள். மார்க் கார்டைக் காட்டினேன். பேனாவைக் கொடுத்து, பெயரை எழுதச் சொன்னேன். பேனா இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை அவள் இடது கையால் வலது கை விரல்களை இழுத்துப் பேனாவின் மேல் வைத்து, 'ம' என்று பாதி எழுதுவதற்குள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஜட்ஜே போதும் என்றார்.

பெரியவர் எழுந்தார். குரலில் அதே பழம். "அன்னைக்கு நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே அம்மணி. அப்பப் பொய்யிங்களா சொன்னீங்க?"

பெரியவரின் முகத்தைப் பார்த்தால் அவளுக்குத் திரும்பவும் மரியாதை வந்துவிடும். அவள் அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்க மரியாதையா கேட்டீங்க, நானும் மரியாதைக்குச் சொல்லிப்போட்டனுங்க. நான் நல்லா இல்லீங்க. இழை முடிய முடியறதில்லீங்க. புள்ளைக்குத் தலை பின்ன முடியறதில்லீங்க. சோத்தை இந்தக் கையில அள்ளி உங்கறதுக்கு முடியறதில்லீங்க. தையிக்கு ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போட்டாங்க. கோவிச்சுக்காதீங்க."

பெரியவர் வேறு கேள்வி கேட்கவில்லை. அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான்.

தீர்ப்பு மார்கழியில் வந்தது. போக்கியத்துக்கு வீடு பிடிக்கப் போதுமான அளவுக்கு வந்தது, கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனி அப்பீல் போகவில்லை. தை பிறப்பதற்கு முன்பே அவர்கள் குடி மாறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பார் ரூமில் என் பிரமாணப் பத்திரத்தைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசிச் சிரித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். நானும் எதிர் அறைக்காரரைப் பார்த்து, கட்சிக்காரர்களை வெளியே அனுப்பி உள்ளே கூப்பிட ஆரம்பித்தேன். ஆனால் என்னால் இரண்டு தடவைக்கு மேல் முடியாது. மூன்றாவது தடவை கத்திவிடுவேன். வயதான கட்சிக்காரர் ஒருவர் வெளியே போனவர் திரும்பவே இல்லை.

அந்தச் சித்திரையில் மரகதம் வந்தாள். புருஷனும், கையில் கட்டுப் போட்ட அவளுடைய தம்பியும் கூட வந்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எதிர் அறைக் கதவு திறந்திருந்தது, அவர் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே சத்தமாக, "வா அம்மணி, வா, புது ஊடெல்லாம் எப்படி?" என்றேன். குமாஸ்தாவை வக்காலத்து எடுக்கச் சொன்னேன்.

அவள் உட்காரவில்லை.

"இது தம்பி கேசுங்க. பாய் வக்கீலுகிட்டக் குடுக்கலாம்னு வந்திருக்கறமுங்க. உங்களைப் பாக்காமப் போனா நல்லாருக்காதுன்னு உள்ளே வந்தனுங்க."

"ஏன், நான் பார்க்க மாட்டேனா?"

அவள் புருஷன் அவள் தோளைத் தொட்டான், வேண்டாம் என்பது போல. அவள் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க நல்லவருதானுங்க. ஆனா அடுத்தவங்க பேசறதைக் கேக்கறதுக்கு உங்களுக்குப் பொறுமை பத்தாதுங்க. என்ற தம்பி வாயில்லாத பையனுங்க, உங்ககிட்டச் சொல்ல மாட்டான்."

அவர்கள் மூன்று பேரும் நடையைக் கடந்து போனார்கள். எதிர் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, அவர் எழுந்து நின்றிருப்பார்.

எத்தனையோ வருஷத்தில் எத்தனையோ கட்சிக்காரர்கள் என்னிடம் வந்து, 'உங்களாலதானுங்க எல்லாம்' என்று கும்பிட்டுப் போயிருக்கிறார்கள். என் முகத்துக்கு நேராக உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அதைச் சொல்ல அவளைப் பழக்கியவன் நான் இல்லை.